ஔவை இல்லங் கண்ட அம்மையார்

சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் இடையே கிடந்த புதுக்கோட்டைச் சீமை, ஆங்கிலேயர் காலத்தில் தொண்டைமான் மன்னரால் ஆளப்பெற்ற ஒரு சிறு சமஸ்தானமாகும். அதன் தலைநகரில் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் ஒரு பெண்மகவு பிறந்தது. தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் தலைமை வகித்த அந்தணர். தாயார் சந்திரம்மாள், கோயிற் பணிக்குப் பெண்மக்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமுடையதும், இந்நாளில் இசை வேளாளர் எனப்படுவதுமாகிய மரபினர். இவ்விருவரும் கூடி நடத்திய இல்லறத்தை உலகம் முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டதன்று. அவ்வில்லத்திற் பிறந்த மகவிற்கு முத்துலட்சுமி எனப் பெயரிட்டனர். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எனத் தமிழகம் அறிந்த பெருமாட்டியார் இவரே.

அம்மையார் வரலாற்றை எழுதப் புகுவோர் பலரும் முதல் என்னுஞ் சொல்லையே மிகுதியும் வழங்குவர். ஆடவர் கல்லூரியிற் புகுந்த முதற் பெண், பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபையில் அமர்ந்த முதற் பெண், அச்சபையின் உபதலைவராகிய முதற் பெண், சென்னை நகராண்மைக் கழகத்தில் ஆல்டர்மன் பதவி பெற்ற முதற் பெண் என அப்பட்டியல் நீண்டு செல்லும். அவற்றை எண்ணிக் காட்டுதல் என் கருத்தன்று. வீடற்ற சிறுமியர்க்கு அவர் ஒரு வீடு அமைத்த செய்தியையே ஈண்டு விரித்துரைக்க விழைகின்றேன். மற்றவை அதற்கு வழியாக அமைந்தன என்பது என் துணிபு.

அக்காலத்திற் பெண்மக்கள் பருவமெய்தியவுடன் பள்ளியினின்று நிறுத்தப்படுதல் வழக்கு. முத்துலட்சுமியும் அங்ஙனமே நிறுத்தப்பட்டார். ஆயினும் வீட்டிலிருந்தவாறே பாடங்கேட்டு 1902ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றியுற்றார். மேலும் படிக்க வேண்டுமாயின் அவ்வூரில் இருந்தது ஆடவர் பயிலும் மகாராஜா கல்லூரி ஒன்றே. தந்தையார் பணிபுரிந்த கல்லூரியேயாயினும் தடை எழாமற் போகவில்லை. ஒரு பெண் வந்து அமர்ந்தால் இளைஞர் ஒழுக்கங் கெடும் என்றனர் சிலர். தாயார் பிறந்த குலத்தைச் சுட்டிக் குறை கூறினர் வேறு சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்புக்களைப் பொருட்படுத்தாது இடமளித்தார். இளம்பெண் மூடுவண்டியிற் சென்று, வகுப்பில் திரைமறைவில் அமர்ந்து பாடங்கேட்டார். தான் இழைக்காத ஒரு குற்றத்திற்காகத் திரைக்குப் பின்னே அமர்த்தப்பட்ட அப்பெண், பிற்காலத்தில் யாருக்காக வாதாடினார் என்பதை நோக்குங்கால், அவ்வகுப்பறை அவருக்கு இன்டர்மீடியட் பாடங்களை மட்டும் கற்பித்ததாகத் தோன்றவில்லை.

1907ஆம் ஆண்டிற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். பரிசுகளும் பதக்கங்களும் பல பெற்றார். பின்னர் எழும்பூரில் அரசாங்கத்தார் நடத்திய மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணி புரிந்தார். அங்ஙனம் பணிபுரிந்த காலத்தும், பின்னர்த் தாமே தனித்து மருத்துவத்தொழில் நடத்திய காலத்தும், ஏட்டில் எழுதப்படாத பல பாடங்களைக் கற்றார். விளையாட்டுப் பருவங் கழியாத சிறுமியர் தாயாகி உயிருக்குப் போராடுதலையும், பிறந்த ஓராண்டு நிறையுமுன் மகவுகள் மடிதலையும் அவர் நாடோறுங் கண்டார். மருந்தினால் மாறாத நோய்கள் இவை. வீட்டிலும் வழக்கத்திலும் சட்டத்திலும் வேரூன்றிய நோய்கள்.

1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டி என்பாரை 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி மணந்தார். தம்மை நிகராக மதித்தல் வேண்டும், தம் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்றலாகாது என்னும் உடன்பாட்டின்மேல் நடந்த மணம் அது. அவ்வுடன்பாட்டைக் கணவர் இறுதிவரை காத்தனர் என்பதற்கு அம்மையார் ஆற்றிய பணிகளே சான்று. மக்கள் இருவர் பிறந்தனர். 1925ஆம் ஆண்டில் அரசாங்க உதவி பெற்று இலண்டன் சென்று, மகளிர் மருத்துவத்திலும் குழந்தை மருத்துவத்திலும் மேற்பயிற்சி பெற்றார். 1926ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிற் கூடிய அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் இந்திய மகளிரின் சார்பிற் கலந்துகொண்டார்.

நாடு திரும்பியதும் எதிர்பாராத அழைப்பொன்று வந்தது. 1917ஆம் ஆண்டில் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தார் சென்னைச் சட்டசபைக்கு அவர் பெயரை முன்மொழிந்தனர். நோயாளிகளை விட்டுச் சபைக்குச் செல்லுதற்கு அவர் முதலில் தயங்கினார். பின்னர் இசைந்தார். 1926ஆம் ஆண்டின் இறுதியில் நியமன உறுப்பினராகி, 1927ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உபதலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் அவர் எழுப்பிய பொருள்களை நோக்குமின்: பள்ளி மாணவியர்க்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகட்கெனத் தனி மருத்துவமனை, சிறுவயது மணத்தைத் தடுத்தல், பரத்தையர் விடுதிகளை ஒழித்தல், கோயில்களிற் சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தல். மருத்துவமனையின் வாயிலில் நின்று அவர் கண்டவையே சட்டசபைக்குத் தீர்மானங்களாகச் சென்றன.

இவற்றுட் பொட்டுக்கட்டும் வழக்கத்தைப்பற்றிச் சிறிது விரிவாகக் கூறல் வேண்டும். இதனைப் பலரும் ஒழுக்கக் கேடு என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவர். அம்மையாரோ அதன் அடிவேரைக் கண்டார். அவ்வேர் மண்ணில் இருந்தது. உவமையாகக் கூறுகின்றேன் அல்லேன், நிலத்திலேயே இருந்தது.

கோயிலில் ஆடல் பாடல் முதலிய பணிகளைச் செய்யும் பெண்டிர்க்கு மானியமாக நிலம் விடுதல் பழைய மரபு. அந்நிலத்தின் விளைச்சலைக் கொண்டே அக்குடும்பம் உண்ணும். ஆனால் நிலம் பணிக்குக் கட்டுப்பட்டது. பணி செய்வார் இல்லையேல் மானியம் நில்லாது. ஆதலின் பணி புரிந்த பெண் மூப்பெய்துங்கால், அவள் மகளோ, மகளில்லையேல் அவள் எடுத்து வளர்த்த பெண்ணோ அடுத்துப் பொட்டுக்கட்டிக் கொள்ளல் வேண்டும். மறுத்தால் குடும்பத்தின் சோற்றுக்கு வழி போய்விடும். மகளை மணஞ்செய்து கொடுக்க விரும்பும் தாயும் அவ்விருப்பத்தை அடக்கிக் கொள்ள நேர்ந்தது. வழக்கத்தின்மேற் பற்றினால் மட்டுமன்று, வயிற்றுக்கு அஞ்சியும் ஒரு சிறுமி கோயிலுக்கு அனுப்பப்பட்டாள்.

வயது நிரம்பாத பெண்ணைத் தீநெறிக்கு ஈடாகக் கொடுத்தல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி முன்னரே குற்றம். ஆயினும் சமயச் சடங்கு என்னும் போர்வையின்கீழ் அச்சட்டம் பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. மைசூர்ச் சமஸ்தானத்தார் 1909ஆம் ஆண்டிலேயே தம் கோயில்களில் இப்பணியை நிறுத்தினர். சென்னை மாகாணத்தில் அம்மையார் 1927ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இது குறித்து ஒரு தீர்மானங் கொணர்ந்தார். சபை அதனை ஏற்றது. தொடர்ந்து, 1929ஆம் ஆண்டில் இந்து அறநிலையச் சட்டத்திற்கு அவர் கொணர்ந்த திருத்தம் நிறைவேறியது. அத்திருத்தம் செய்தது யாது? மானிய நிலத்தைப் பணியின் கட்டினின்றும் விடுவித்தது. நிலம் அப்பெண்டிரிடமே இருக்கும். அதற்காக மகளைப் பொட்டுக்கட்ட வேண்டுவதில்லை. ஒரு குழந்தையைக் காக்க வேண்டுமாயின் முதலில் அக்குழந்தை உண்ணும் சோற்றைக் காத்தல் வேண்டும் என்பதை உணர்ந்த ஒருவரே இத்தகைய சட்டத்தை வகுத்தல் கூடும். அம்மையார் ஆற்றிய சொற்பொழிவுகள் அனைத்தினும் இச்சிறு திருத்தத்தையே யான் பெரிதாக மதிக்கின்றேன்.

பிற நாட்டுச் செய்தியொன்றை இவ்விடத்து ஒப்பு நோக்கலாம். அமெரிக்காவில் நவஹோ முதலிய பழங்குடியினரின் குழந்தைகளை நன்மை செய்வதாகக் கருதியே குடும்பங்களினின்றும் பிரித்துத் தொலைவிலுள்ள விடுதிப்பள்ளிகட்கும் பிறர் இல்லங்கட்கும் நெடுங்காலம் அனுப்பி வந்தனர். அதனால் விளைந்த துயரங் கண்டு, 1978ஆம் ஆண்டில், பழங்குடிக் குழந்தைக்கு உறவினர் இல்லமே முதலில் நாடப்படல் வேண்டும் என்று சட்டம் இயற்றினர். குழந்தையைக் காத்தல் வேறு, குடும்பத்தைக் காத்தல் வேறு அன்று என்பதை அந்நாடு அத்துணைக் காலங் கழித்தே சட்டத்தில் எழுதியது.

நிற்க. அம்மையாருக்கு எதிர்ப்பும் பலமாக இருந்தது. பழைய மரபையும் சமயத்தையும் காக்க எழுந்தோர் ஒருபுறம். சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவரும் அவருள் ஒருவர். மற்றொருபுறம், யாருக்காக அவர் பேசினாரோ அப்பெண்டிருள்ளும் ஒரு சாரார் மறுப்பு விண்ணப்பங்கள் அனுப்பினர். தம்மை அனைவரையும் பரத்தையராகக் கருதுதல் தகாது என்றும், தம் கலையும் சொத்துரிமையும் அழியும் என்றும் அவர் முறையிட்டனர். இம்முறையீட்டை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையன்று. அம்மையார் வழக்கத்தின் கொடுமையை நோக்கிய கூர்மையோடு அக்கலையின் அருமையை நோக்கினார் என்று கூற என்னால் இயலவில்லை. 1932ஆம் ஆண்டிற் சதிராட்டத்தைக் காக்க முன்வந்த கிருஷ்ணையருக்கும் அவருக்கும் செய்தித்தாள்களிற் கடும் வாதம் நிகழ்ந்தது. பின்னர் அவ்வாட்டம் பரதநாட்டியம் எனப் பெயர் மாறி மேடையேறிப் புகழ்பெற்றபோது, அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிய குடும்பங்களுட் பல அம்மேடையினின்றும் ஒதுக்கப்பட்டன. இக்குறையை அம்மையார் ஒருவர்மேற் சுமத்துதல் பொருந்தாது; ஆயினும் அவர் வரலாற்றினின்று அதனை நீக்கி எழுதுதலும் பொருந்தாது. அதே மரபினுள்ளிருந்து எழுந்து, பொட்டுக்கட்டுதலை ஊர்தோறுஞ் சென்று எதிர்த்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் 1936ஆம் ஆண்டில் ஒரு நாவல் எழுதித் தாம் கண்டவற்றை வெளியிட்டார். ஆதலின் அப்பெண்டிர் அனைவரும் ஒரே கருத்தினர் என்பார் கூற்று எப்பக்கத்தினின்று வரினும் உண்மையன்று.

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகின்றேன். சட்டம் ஒரு கதவை அடைத்தது. அடைத்த கதவின் வெளியே நின்ற சிறுமி எங்கே போவாள்? இவ்வினாவிற்குச் சட்டப்புத்தகத்தில் விடையில்லை. 1930ஆம் ஆண்டில் அவ்வினா அம்மையாரின் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது. பொட்டுக்கட்டும் வாழ்க்கையை வேண்டாது விட்டு வந்த இளம்பெண்கள் சிலர் புகலிடம் வேண்டி அவரிடம் வந்தனர். படிக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அம்மையார் அவர்களைச் சென்னையிலிருந்த மாணவியர் விடுதிகளிற் சேர்க்க முயன்றார். ஒரு சாதியார்க்கென அமைந்த விடுதியிலும் இடமில்லை. பிற சாதியார் விடுதியிலும் இடமில்லை. அச்சிறுமியர் பிறந்த குலத்தைக் கேட்டவுடன் கதவுகள் மூடின.

சட்டசபையில் உபதலைவர், நகரத்திற் பெயர்பெற்ற மருத்துவர், மாதர் சங்கங்களில் முன்னணியில் நிற்பவர். இத்துணைச் செல்வாக்குடைய ஒருவர் நேரிற் கேட்டும், சில சிறுமியர்க்குப் படுக்க ஓர் இடம் அந்நகரிற் கிடைக்கவில்லை. தீர்மானத்திற்குக் கையுயர்த்தியோர் பலர். தம் மகளின் பக்கத்தில் அச்சிறுமியை உட்காரவிட இசைந்தோர் இலர். திரைக்குப் பின்னே அமர்ந்து படித்த அந்தப் பழைய நாள்கள் அப்பொழுது அவர் நினைவிற்கு வந்தனவோ, அறியோம். அவர் செய்தது மட்டும் தெரியும். அச்சிறுமியரைத் தம் வீட்டிலேயே இருத்திக்கொண்டார். அவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம். மணவாழ்வை வேண்டாது, கல்வியாலும் கவியாலும் வேந்தரும் வணங்க வாழ்ந்தவராக நாட்டார் போற்றும் மூதாட்டியின் பெயரை அதற்கு இட்டார்.

கைவிடப்பட்ட மகளிர்க்கு அதற்குமுன் இல்லங்களே இல்லை என்று கூறுதல் பிழை. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார், கோயிலுக்கென விடப்பட்ட குழந்தைகளை 1901ஆம் ஆண்டு முதலே ஏற்று வளர்த்து வந்தார். முத்துலட்சுமி அம்மையார் பிறந்த அதே 1886ஆம் ஆண்டிற் பிறந்தவரும், இளமையிலேயே கணவனை இழந்தவருமாகிய சகோதரி சுப்புலட்சுமி, 1912ஆம் ஆண்டு முதற் சென்னையில் இளங் கைம்பெண்கட்கு இல்லம் நடத்திப் பலரை ஆசிரியராக்கினார். இவை அரும்பெருந் தொண்டுகள். ஆயின் டோனாவூர் இல்லம் கிறிஸ்தவக் குடும்பமாக அமைந்தது. கைம்பெண்களின் இல்லம் தொடக்கத்தில் அந்தணக் குடும்பத்தாரின் அச்சத்தை மதித்து அவர்கட்கே உரியதாக இருந்தது. இவ்விரண்டினுள்ளும் அடங்காத சிறுமியர் இருந்தனர். அவர்கட்கே ஔவை இல்லத்தின் கதவு திறந்தது. அங்கே சாதி கேட்கப்படவில்லை. கோயிற் குடும்பத்துச் சிறுமியருடன், தாய் தந்தையரை இழந்தோரும், வறுமையால் விடப்பட்டோரும், கணவனால் தள்ளப்பட்ட இளம்பெண்களும் அவ்வில்லத்தை அடைந்தனர்.

இத்தகைய இல்லத்தை நடத்துதல் எத்துணை அரிது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு சொற்பொழிவு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு சிறுமிக்கோ ஆண்டிற்கு முந்நூற்றறுபத்தைந்து நாளும் பசிக்கும். உணவும் உடையும் வேண்டும். காய்ச்சல் வந்தால் இரவில் விழித்திருக்க ஆள் வேண்டும். பள்ளியில் தந்தை பெயரைக் கேட்டால் தலைகுனியாது விடை கூறும் துணிவு வேண்டும். பதினாறு வயது நிரம்பியபின் இல்லத்தை விட்டுச் செல்பவள் கையில் ஒரு தொழில் வேண்டும். இவற்றுள் இறுதியிற் கூறியதிலேயே அம்மையார் பெரிதுங் கருத்துச் செலுத்தினார். இல்லத்துச் சிறுமியர் எழுத்தறிவோடு நின்றுவிடாது ஆசிரியராகவும் செவிலியராகவும் பிற தொழில் வல்லவராகவும் ஆகித் தம் காலில் தாமே நிற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இல்லம் பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. ஆரம்பப்பள்ளியும் உயர்பள்ளியும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் காலப்போக்கில் அதனோடு சேர்ந்து வளர்ந்தன. எவருடைய குலத்தைக் கேட்டு விடுதிகள் கதவடைத்தனவோ, அவர் போன்றோர் பலர் பிறர் மக்கட்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியர் ஆயினர்.

எமது ஊராகிய சங்கராபுரத்தினின்று கள்ளக்குறிச்சி தொலைவிலில்லை. அந்நகரில் கருணாபுரத்திலும், சூழவுள்ள சில ஊர்களிலும், 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு சவங் கிடந்த காட்சியை நாடெங்குங் கண்டது. அரசாங்கத்தார் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகட்கு 18 வயது நிரம்பும்வரை திங்கள்தோறும் 5,000 ரூபாய் தருவதாகவும், அவர் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்புநிதியாக இடுவதாகவும் அறிவித்தனர். இது வேண்டிய உதவியே. ஆயினும் பணம் வங்கிக்குச் செல்லும். குழந்தை யார் வீட்டுக்குச் செல்லும்? அந்நாள்களில் எம்மூர்க் கடைத்தெருவிற் பேசப்பட்டதெல்லாம் குடித்தவன் குற்றமா, விற்றவன் குற்றமா என்பதே. அச்சிறுவருக்கு அன்றிரவு சோறிட்டவர் யார் என்று கேட்டோர் மிகச் சிலர். மேற்கே தோன்றும் கல்வராயன் மலையிலோ, பெற்றோர் கூலிவேலை தேடிப் பிற மாநிலஞ் செல்ல, முதியோரிடம் விடப்படும் சிறார் உளர். பழங்குடியினர்க்கென அங்கே அரசாங்கத்தார் நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளே அவருட் பலருக்கு வீடும் ஆகும். அம்மையார் வரலாற்றை யான் எழுத எடுத்துக்கொண்டதற்கு இச்செய்திகளே காரணம்.

மீண்டும் 1930ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டில் நிறைவேறிய மற்றொரு சட்டம், பரத்தையர் விடுதிகளை ஒழிப்பதும் அவற்றினின்று சிறுமியரை மீட்பதும் பற்றியது. அதற்கும் அம்மையார் பெரிதும் உழைத்தார். சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டிலேயே குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. இந்திய மாகாணங்களுள் அத்தகைய சட்டத்தை முதலிற் கண்டது சென்னையே. இவ்விரு சட்டங்களும் மீட்கும் அதிகாரத்தைக் கொடுத்தன. மீட்ட பின்னர் வைத்துக் காக்கும் இடங்கள் போதிய அளவிற்கு இல்லை. ஔவை இல்லம் போன்றவற்றின் தேவை நாளுக்கு நாள் பெருகியதற்கு இதுவே காரணம்.

பொட்டுக்கட்டும் சடங்கையே அடியோடு தடுக்கும் மசோதா ஒன்றையும் அம்மையார் 1930ஆம் ஆண்டிற் கொணர்ந்தார். அது பொதுமக்கள் கருத்தறிய அனுப்பப்பட்டது. இதற்கிடையே உப்புச் சத்தியாக்கிரகத்திற் காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். மசோதாவைக் கையிலெடுத்து நடத்துவார் இன்றி அது கிடப்பிற் கிடந்தது. தாம் முயன்று வளர்த்த மசோதா முடிவுறும் தறுவாயில் அவர் வெளியேறியது சரியோ என ஐயுறுவாரும் உளர். நாட்டின் விடுதலையும் சிறுமியரின் விடுதலையும் ஒரே காலத்தில் ஒருவரை அழைத்தால் எதற்கு முதலிற் செவிசாய்ப்பது? இதற்கு எளிய விடை எனக்குப் புலப்படவில்லை. அம்மசோதாவின் கருத்து சட்டமாகியது 1947ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது. இடையே கழிந்தவை பதினேழு ஆண்டுகள். 1930ஆம் ஆண்டில் ஏழு வயதினளாக இருந்த ஒரு சிறுமிக்கு அச்சட்டம் வந்தபோது வயது இருபத்து நான்கு. பதவியைத் துறந்த அம்மையார் இல்லத்தைத் துறந்தாரல்லர் என்பது ஒன்றே இங்கு நமக்கு ஆறுதல்.

பிற்காலச் செய்திகளைச் சுருங்கக் கூறுகின்றேன். அம்மையாரின் தங்கையார் இளவயதிலேயே புற்றுநோயால் வருந்தி இறந்தார். அத்துயரம் அவர் உள்ளத்தில் ஆறாது கிடந்து, முப்பது ஆண்டுகட்குப் பின் ஒரு மருத்துவமனையாக உருப்பெற்றது. அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்திற்கு 1952ஆம் ஆண்டில் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டில் அது பன்னிரண்டே படுக்கைகளுடன் பணி தொடங்கியது. அம்மையாரின் இளைய மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். இந்நிலையத்தின் புகழ் இன்று ஔவை இல்லத்தின் புகழை மறைத்துவிட்டது. பெரிய கட்டடங்கட்கு அருகே சிறிய வீடு கண்ணிற்படாமை இயல்பே. மாநிலச் சமூக நலக் குழுவின் தலைமையையும் அம்மையார் ஏற்றுச் சிற்றூர்ப் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் தொண்டாற்றினார். 1956ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் பத்மபூஷண் விருது அளித்தனர். 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், எண்பத்திரண்டாவது பிறந்தநாள் வருதற்கு எட்டு நாள் இருக்க, உயிர் நீத்தார்.

இந்நாளில் வறிய கருவுற்ற தாய்மார்க்குத் தமிழக அரசாங்கத்தார் தவணைகளாக அளிக்கும் மகப்பேறு உதவி அம்மையார் பெயராலேயே வழங்குகின்றது. சங்கராபுரத்து அரசினர் மருத்துவமனைக்கு வரும் பெண்கள் அதனை முத்துலட்சுமி பணம் என்று சுருக்கிக் கூறுவதுண்டு. அப்பெயருக்குரியவர் யார் என்று அறிந்தோர் அவருட் பலர் அல்லர். ஔவை இல்லமோ அடையாற்றிற் பெசன்ட் அவென்யூச் சாலையில் இன்றும் நடைபெறுகின்றது. அதன் பள்ளியில் இல்லத்துச் சிறுமியரும், தாய் தந்தையருடன் வாழும் அக்கம்பக்கத்துச் சிறுமியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர்.